மறதியைக் கணக்கெடுத்த வரலாறு

மனிதன் தன்னை வருத்தும் நோய்களை என்று எண்ணத் தொடங்கினானோ, அன்றே அவற்றை எதிர்க்கவும் தொடங்கினான் எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் கொள்ளைநோயால் மாண்டோரின் தொகை வாரந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. 1854-ஆம் ஆண்டு அதே நகரில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எந்தெந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்கெடுத்து, ஒரு தெருக் குழாயின் தண்ணீரே நோய்க்கு மூலம் என்று காட்டினார். எண்ணிக்கை என்பது வெறும் எண் அன்று; துன்புறுவோர் இத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்று சமுதாயம் ஒப்புக்கொள்வதன் முதற் படி அது.

ஆயினும் ஒரு துன்பம் மட்டும் நெடுங்காலம் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. முதுமையில் அறிவும் நினைவும் தேய்ந்து, பெற்ற பிள்ளையையே 'நீ யார்?' என்று கேட்கும் நிலைதான் அது. அதற்குப் பெயர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். தமிழகத்து வீடுகளில் 'புத்தி தடுமாறிவிட்டது', 'மறுபடியும் குழந்தையாகிவிட்டார்' என்று கூறுவர். கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் 'சின்னன்' என்னும் சொல் வழங்குகிறது. சிறுபிள்ளைத்தனம் என்பது அதன் பொருள். இச்சொற்களில் கனிவு உண்டு. ஆனால் இவற்றுள் எதுவும் அதை ஒரு நோய் என்று சுட்டவில்லை. வயதின் இயல்பு என்று கருதப்பட்டதை எவர் எண்ணுவார்?

இன்று மருத்துவம் இதனை 'டிமென்ஷியா' என்னும் பொதுப் பெயரால் அழைக்கிறது. தமிழில் முதுமை மறதி நோய் என்கிறோம். அல்சைமர் நோய், மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வரும் நோய் முதலிய பல இதனுள் அடங்கும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் நேர்வது. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். இந்நோய் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குகிறதா? செல்வரையும் ஏழையரையும், கற்றோரையும் கல்லாதோரையும், ஆணையும் பெண்ணையும், நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் சமமாகவே அணுகுகிறதா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முன்னோர் கண்ட முதுமை

அறிவுத் தேய்வை முன்னோர் அறியாதவர் அல்லர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீராக்கின் ஞானம் என்னும் திருநூலின் மூன்றாம் அதிகாரம் பெற்றோரைப் பேணுவது பற்றிக் கூறுகையில், அறிவு குன்றிப்போன தந்தையை இகழாது பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தனியே எடுத்துரைக்கிறது. ஏற்றத்தில் இருக்கும் மகன் தளர்ந்த தந்தையை எளிதில் இகழ்ந்துவிடுவான் என்பதை அந்த ஞானி கண்டிருக்கிறார். ஆகவே எருசலேமின் வீதிகளிலும் இத்தகைய முதியோர் இருந்தனர் என்பது தெளிவு.

உரோமைப் பேரறிஞர் சிசரோ கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதியோரின் பேதைமை எல்லா முதியோருக்கும் உரியதன்று, உறுதியற்ற உள்ளத்தாருக்கே உரியது என்பதும், அறிவை இடைவிடாது பயன்படுத்துவோர்க்கு அது நிலைத்திருக்கும் என்பதும் அவர் கொள்கை. இதில் பாதி உண்மையும் பாதிக் கொடுமையும் கலந்துள்ளன. பயிற்சி அறிவைக் காக்கும் என்பது உண்மை. இதனைப் பிற்கால ஆய்வுகள் ஓரளவு மெய்ப்பித்தன. ஆனால் அறிவு தேய்ந்தவர் உறுதியற்றவர் என்று சொல்வது, நோயாளியையே குற்றவாளியாக்கும் செயல் அல்லவா?

இக்கொடுமையைத் திருத்தியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மனநல மருத்துவர் எஸ்கிரோல். 1838-இல் வெளியான தம் நூலில், பிறவியிலேயே அறிவு குன்றியவரையும் பின்னாளில் அறிவை இழந்தவரையும் அவர் பிரித்துக் காட்டினார். முன்னவர் என்றுமே வறியவர். பின்னவரோ செல்வராயிருந்து வறியவரானவர் என்பது அவர் கூறிய உவமை. இழப்பதற்கு ஒரு செல்வம் இருந்தது என்று இதன்மூலம் அவர் ஏற்றுக்கொண்டார். அச்செல்வம் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு இருந்தது, அதை அவர் எங்கே ஈட்டினார் என்னும் கேள்வி எழுவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பிராங்க்பர்ட் மருத்துவமனையில்

1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். இரயில்வே அலுவலக எழுத்தர் ஒருவரின் மனைவி அவர். தம் கணவரின் பெயரைக் கேட்டால் தம் பெயரைச் சொல்வார். எழுதத் தொடங்கிய சொல்லை இடையில் மறந்துவிடுவார். அவருடைய ஒவ்வொரு விடையையும் பொறுமையுடன் குறித்துவைத்தவர் அலாய்ஸ் அல்சைமர். பவேரியாவின் மார்க்பிரைட் என்னும் சிற்றூரில் 1864-இல் பிறந்த மருத்துவர் அவர்.

1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின், அவரது மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த படிவுகளையும், அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் தியூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர் மாநாட்டில் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். அவையோர் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1910-இல், அவருடைய தலைவர் கிரெப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார்.

ஆனால் அந்தப் பெயர்சூட்டலில் ஒரு பெருங்குறை நேர்ந்தது. ஐம்பது வயதளவில் வரும் அரிய நோயாக மட்டுமே அது கருதப்பட்டது. எழுபதிலும் எண்பதிலும் அறிவு தேய்ந்தவர்களை அப்பெயர் சேரவில்லை. அவர்களுக்கு 'முதுமை' என்பதே விளக்கமாக விடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது.

எண்ணிக்கை தொடங்கியது

அம்மதிலை உடைத்தது இங்கிலாந்தின் நியூகாசில் நகரம். மார்ட்டின் ராத் என்பவரும் அவருடைய தோழர்களும் மருத்துவமனையில் நோயாளிகளுக்காகக் காத்திராமல், 65 வயதைக் கடந்தவர்களை அவரவர் வீட்டிலேயே சென்று கண்டனர். 1964-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, அறிவுத் தேய்வுற்ற முதியோருள் பெரும்பான்மையோர் மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இல்லை; தங்கள் இல்லங்களிலேயே, உறவினர் கவனிப்பில் வாழ்கின்றனர் என்று காட்டியது. 1968-இல் அதே குழுவினர், இறந்த முதியோரின் மூளைகளில் அல்சைமர் கண்ட அதே படிவுகள் மிகுந்திருப்பதையும், படிவு மிக மிக அறிவுத் தேய்வும் மிகுவதையும் எடுத்துக்காட்டினர். 1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் எழுதிய சிறு கட்டுரை, இரண்டும் ஒரே நோய்தான் என்று அறுதியிட்டது. ஐம்பதில் வந்தால் நோய், எண்பதில் வந்தால் இயல்பு என்னும் பிரிவினை அத்துடன் வலுவிழந்தது. அரிய நோய் ஒரே நாளில் கோடிக்கணக்கானோரின் நோயாயிற்று.

இனி யார் யாருக்கு என்னும் வினா எழுந்தது. 1987-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் 55 வயதைக் கடந்த 5,055 பேர் பரிசோதிக்கப்பட்டனர். காட்ஸ்மனும் அவ்வாய்வில் பங்கு பெற்றார். 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 4.6 பேருக்கு இந்நோய் இருந்தது. ஆயின் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இந்த எண் அன்று. பள்ளிக்கே செல்லாதவரிடையே நோய் மிகுந்தும், கல்வி பெற்றவரிடையே குறைந்தும் காணப்பட்டது. பள்ளிக்குச் செல்லாதவருள் மிகப் பலர் பெண்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழுந்தது, நியாயமான மறுப்புதான். 1975-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பரிசோதனையில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வர். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வர். ஐங்கோணம் இரண்டை வரையச் சொல்வர். எழுதுகோலையே கையில் பிடித்திராத மூதாட்டி இவற்றில் தோற்பதற்கு நோய் வேண்டுமா? அவர் தோற்றது தேர்விலேயன்றி நினைவில் அன்று. ஷாங்காய் ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே கல்வி நிலைக்கேற்ப மதிப்பெண் அளவை மாற்றி வைத்திருந்தனர். அப்படியும் வேறுபாடு மறையவில்லை.

1994-இல் நியூயார்க் நகரின் வடமன்ஹாட்டன் பகுதியிலிருந்து மற்றொரு சான்று வந்தது. நோயற்ற 593 முதியோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 106 பேருக்கு நோய் தோன்றியது. எட்டு ஆண்டுக்கும் குறைவாகப் படித்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. எளிய தொழில் செய்து வாழ்ந்தோருக்கும் இரு மடங்குக்குச் சற்று மேல்.

கன்னியர் மடத்தின் கொடை

ஏழைக்குக் கல்வி மட்டுமா இல்லை? நல்ல உணவு இல்லை, மருத்துவம் இல்லை, ஓய்வு இல்லை. இவற்றுள் எது நோய்க்குக் காரணம் என்று பிரித்தறிவது எப்படி? ஒரே உணவை உண்டு, ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே மருத்துவரைக் கண்டு, சொந்த வருமானமும் குடும்பச் சுமையும் இன்றி, புகையும் மதுவும் தொடாது வாழும் மக்கள் கூட்டம் எங்கேனும் உண்டா?

உண்டு, அது கன்னியர் மடம். 1986-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்னோடன் என்னும் இளம் ஆய்வாளர், மங்கேட்டோ நகரிலுள்ள நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் வாயிலைத் தட்டினார். 1833-இல் பவேரியாவில் அன்னை தெரேசா கெர்ஹார்டிங்கர் ஏழைப் பெண்குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென நிறுவிய சபை அது. அவ்வன்னை 1985-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அல்சைமரைத் தந்த அதே பவேரிய மண், அவர் கண்ட நோயை விளக்கிய சபையையும் தந்தது என்பது நோக்கத்தக்கது.

1917-க்கு முன் பிறந்த 678 சகோதரிகள் இவ்வாய்வில் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவுப் பரிசோதனைக்கு இசைந்தனர். அத்துடன் நில்லாமல், இறந்தபின் தங்கள் மூளையையும் ஆய்வுக்கு அளிப்பதாக ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்தனர். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள், இறந்த பிறகும் கற்பிக்க முன்வந்தனர்.

மடத்திற்குள்ளும் ஒரு வேறுபாடு இருந்தது. பெரும்பாலோர் பட்டம் பெற்ற ஆசிரியைகள். சிலரோ அடுக்களையிலும் வீட்டுவேலையிலும் பணியாற்றியவர்கள். உணவும் உறையுளும் மருத்துவமும் ஒன்றாயிருந்தும், பட்டம் பெற்ற சகோதரிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததையும், முதுமையில் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் வலிமையுடன் இருந்ததையும் ஸ்னோடன் கண்டார்.

மடத்தின் ஆவணப் பெட்டகத்தில் மற்றொரு புதையலும் கிடைத்தது. 1930-இல் சபைத் தலைவி பிறப்பித்த கட்டளைப்படி, இளஞ்சகோதரிகள் வார்த்தைப்பாடு கொடுக்குமுன் தம் வாழ்க்கைக் குறிப்பை ஓரிரு பக்கங்களில் எழுதித் தந்திருந்தனர். அப்போது அவர்களின் சராசரி வயது 22. அறுபது ஆண்டுகள் உறங்கிய அத்தாள்களை ஆய்வாளர்கள் எடுத்து, ஒவ்வொரு பத்துச் சொற்களிலும் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று எண்ணினர். 1996-இல் வெளியான முடிவு இது: கருத்துச் செறிவு குன்றிய நடையில் எழுதியவர்கள் முதுமையில் நினைவுப் பரிசோதனைகளிலும் பின்தங்கினர். அதுவரை இறந்திருந்த 14 சகோதரிகளுள், செறிவின்றி எழுதியோர் அனைவரின் மூளையிலும் அல்சைமர் நோய் உறுதியாயிற்று. செறிவுடன் எழுதியோர் ஒருவரிடமும் அது இல்லை.

இதற்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். இளமையில் பெற்ற மொழித்திறம் முதுமைக்கு ஒரு சேமிப்பு என்பது ஒன்று. நோய் தன் வேரை இளமையிலேயே மெல்ல ஊன்றத் தொடங்கியிருக்கக்கூடும் என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னதற்கு வலுச் சேர்த்தார், ஆய்வுநூல்களில் 'சகோதரி மேரி' என்று மட்டும் குறிக்கப்படும் ஒருவர். 84 வயது வரை கற்பித்த அவர், 101 வயதில் இறப்பதற்குச் சில காலம் முன்பு வரை நினைவுப் பரிசோதனையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார். அவர் மூளையைத் திறந்து பார்த்தபோதோ, அல்சைமர் நோயின் படிவுகளும் முறுக்கிழைகளும் நிறைந்திருந்தன. நோய் உள்ளே குடியிருந்தது; ஆனால் வீட்டை ஆள அதற்கு முடியவில்லை. 1997-இல் வெளியான மற்றொரு கட்டுரை, படிவுகளுடன் சிறிய இரத்தக் குழாய் அடைப்புகளும் சேர்ந்த மூளைகளிலேயே அறிவுத் தேய்வு பன்மடங்கு மிகுந்து வெளிப்பட்டதைக் காட்டியது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது அறிவைக் காப்பதுமாகும் என்னும் பாடம் இதிலிருந்து பிறந்தது.

கல்வி ஒரு கவசம். ஆனால் ஊடுருவ முடியாத கவசம் அன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ரீகன் தமக்கு அல்சைமர் நோய் என்று 1994-இல் நாட்டு மக்களுக்கு எழுதினார். 1999-இல் மறைந்த ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கும் இந்நோய்க்கு ஆளானார். ஆகவே நோயுற்றவர் மூளையைப் பயன்படுத்தாதவர் என்று முடிவு கட்டுவது, சிசரோவின் பழைய பிழையை மீண்டும் செய்வதாகும்.

ஒரு வேர், இரு கண்டங்கள்

கன்னியர் ஆய்வுக்கு ஓர் எல்லை இருந்தது. அச்சகோதரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த வெள்ளையர். கறுப்பின மக்களிடையே நோய் எவ்வாறு இருந்தது? நைஜீரிய மருத்துவர் ஒசுந்தோகனும் அமெரிக்க மருத்துவர் ஹென்றியும் சேர்ந்து இதற்கு விடை தேடினர். நைஜீரியாவின் இபாதான் நகரில் யொருபா இன முதியோரையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்க முதியோரையும் ஒரே முறையில் பரிசோதித்தனர். 1995-இல் வெளியான கணக்கின்படி, 65 வயதைக் கடந்தோருள் நோயுற்றவர் இபாதானில் நூற்றுக்கு 2.29 பேர்; இண்டியானாபொலிசில், காப்பகத்தில் வாழ்வோரையும் சேர்த்து, 8.24 பேர்.

இந்த எண்களை அப்படியே ஏற்கலாமா? இங்கே ஓர் உவமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏரியில் நிற்கும் நீரின் அளவு வரத்துக் கால்வாயை மட்டும் பொறுத்ததன்று. மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரு நாளில் நோயுற்றிருப்போரின் தொகை ஏரி நீர் போன்றது. புதிதாக நோயுறுவோர் வரத்து. இறப்போர் மடைவழி வெளியேறுவோர். மருத்துவம் எட்டாத ஊரில் நோயுற்ற முதியவர் விரைவில் இறந்துவிடுவார். ஏரியில் நீர் குறைவாகத் தெரியும். அங்கே நோய் அரிது என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது.

ஆதலால் அவ்வாய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மீண்டும் மீண்டும் சென்று, வரத்தையே எண்ணினர். 2001-இல் வெளியான முடிவில், ஆண்டுதோறும் புதிதாக நோயுற்றோர் இபாதானில் நூற்றுக்கு 1.35, இண்டியானாபொலிசில் 3.24. வேறுபாடு மெய்யானதே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவரின் வழித்தோன்றல்கள் ஒருபுறம். அதே மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கியவர்கள் மறுபுறம். யொருபா மக்களிடையே இரத்தக் கொழுப்பும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் குறைவாகக் காணப்பட்டன. அமெரிக்காவுக்குள்ளேயோ, 2022-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 65 வயதைக் கடந்தோருள் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. கறுப்பின முதியோரிடையே அது வெள்ளையரைவிட மிகுதி. ஆக, இரத்தத்திலும் நிறத்திலும் மட்டும் காரணம் தேடுவோர்க்கு இங்கே விடை இல்லை. வாழ்ந்த வாழ்வும் வாழவிடாத வாழ்வும் சேர்ந்தே முதுமையை வடிக்கின்றன.

நம் மண்ணில்

நம் நாட்டில் இந்நோய் இல்லை என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. கூட்டுக் குடும்பமும் மூத்தோர் மீதுள்ள மதிப்பும் நம்மைக் காக்கின்றன என்று பெருமையுடன் கூறியவர் பலர். 1992-இல் கேரளத்தில் இந்திய அல்சைமர் சங்கம் தோன்றியபோது பலருக்கு அப்பெயரே புதிது. 1997-இல், சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் 60 வயதைக் கடந்த 750 பேரிடையே நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. நோயுற்றவர் நூற்றுக்கு 3.5 பேர்.

அடுத்த ஆண்டு, 1998-இல், '10/66' என்னும் விந்தையான பெயருடன் ஓர் ஆய்வுக் குழு தோன்றியது. முதுமை மறதி நோயுற்றோருள் நூற்றுக்கு 66 பேர் அன்று வளரும் நாடுகளில் வாழ்ந்தனர். ஆய்வுகளிலோ பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை. அந்த அநீதியே குழுவின் பெயராயிற்று. கல்லாதோரையும் சரியாக மதிப்பிடும் முறையொன்றை அவர்கள் உருவாக்கினர். முதியவரிடம் மட்டுமன்றி, அவருடன் வாழும் உறவினரிடமும் கேட்டனர்: முன்பு செய்த வேலையை இப்போதும் செய்கிறாரா? வழி தவறுகிறாரா? பெயர்களை மறக்கிறாரா?

சென்னை நகரமும் வேலூர் மாவட்டச் சிற்றூர்களும் இடம்பெற்ற அவ்வாய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த வழக்கமான அளவுகோலின்படி, நம் சிற்றூர்களில் 65 வயதைக் கடந்தோருள் நோயுற்றவர் நூற்றுக்கு 0.3 பேர் மட்டுமே. கல்வி வேறுபாட்டைக் கருதி அமைத்த புதிய அளவுகோலின்படியோ, ஆய்வு நடந்த நாடுகள் அனைத்திலும் நூற்றுக்கு 5.6 முதல் 11.7 வரை நோயுற்றிருந்தனர். நம் சிற்றூர்களும் அதற்கு விலக்கில்லை. ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? வழக்கமான அளவுகோல், நோயால் அன்றாட வாழ்வு குலைந்ததா என்று கேட்கிறது. நம் வீடுகளில் மூத்தவர் சமைக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. தனியே கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. மருமகள் உணவு பரிமாறுகிறாள். பேரன் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறான். 'ஏதேனும் மாற்றம் உண்டா?' என்று கேட்டால், 'வயதாகிவிட்டது, அவ்வளவுதான்' என்கிறார்கள். எந்தக் கனிவு முதியவரைத் தாங்குகிறதோ, அதே கனிவு அவருடைய நோயையும் மறைத்துவிடுகிறது. தாங்குகிற அந்த மருமகளின் சுமையும் அத்துடன் மறைந்துபோகிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இந்தியா முழுவதற்குமான விரிந்த கணக்கு 2023-இல் வெளியாயிற்று. 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடையே மிகுதி. நகரத்தைவிட நாட்டுப்புறத்தில் மிகுதி. பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதால் மட்டும் இதை விளக்கிவிட இயலாது. அவ்வாய்வில் இடம்பெற்ற மூதாட்டியர் பள்ளிப் பருவத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்களோ 9 பேர்கூட இல்லை. தம்பி பள்ளிக்குச் சென்றான். அக்காள் அவனைத் தூக்கி வளர்த்தாள், களை பறித்தாள், அடுப்பை ஊதினாள். அன்று மூடிய பள்ளிக் கதவு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவளைத் துரத்தி வருகிறது.

குறைகின்ற கணக்கு

இவ்வரலாற்றில் நம்பிக்கையின் ஒளியும் உண்டு. இங்கிலாந்தில் ஒரே பகுதிகளில், ஒரே முறையில், இருபது ஆண்டு இடைவெளியில் இரு முறை கணக்கெடுத்தனர். பழைய வீதப்படி 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 8.3 பேர் நோயுற்றிருக்க வேண்டும். உண்மையில் இருந்தவர் 6.5 பேரே என்று 2013-இல் அறிவித்தனர். அமெரிக்காவிலும் 2000-இல் நூற்றுக்கு 11.6 ஆக இருந்தது 2012-இல் 8.8 ஆகக் குறைந்தது. பின்னாளில் பிறந்த தலைமுறை கூடுதலாகப் படித்திருந்தது இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் முன்னரே நோய் குறைந்தது. அதைக் குறைத்ததில் மருத்துவமனைக்கு உள்ள பங்கு பள்ளிக்கூடத்திற்கும் உண்டு எனலாம்.

2024-இல் 'லான்செட்' ஆய்வுக் குழு, உலகில் தோன்றும் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டு, 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இளமையில் கல்வியின்மை அவற்றுள் முதலாவது. கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மிகுமது, மாசடைந்த காற்று, தனிமை முதலியன பிற. இவற்றைக் கூர்ந்து நோக்கின், ஏழையின் வாழ்வே பட்டியலாகி நம்முன் நிற்பது புலனாகும். காது கேளாத மூதாட்டிக்குக் கேட்புக் கருவி வாங்கித் தருவதும், விறகுப் புகையிலிருந்து அவரை விடுவிப்பதும், மாலையில் அரைமணி நேரம் அருகமர்ந்து பேசுவதும் அவரது நினைவைக் காக்கும் செயல்களே.

2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற நாடுகளில் உள்ளவர்கள். முதுமை எல்லாரையும் சமமாக்கிவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவ்வாறன்று. இளமையில் நிகழ்ந்த ஏற்றத்தாழ்வை முதுமை மறப்பதில்லை. முதியவர் எல்லாவற்றையும் மறந்த பின்னும் அவருடைய மூளை அதை மறப்பதில்லை.

வாசக அன்பர்களே, நம் பங்குகளில் மூத்தோர் பலர் உள்ளனர். திருப்பலிக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென வராமற்போனால், 'வயதாகிவிட்டது' என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. பதினான்கு சகோதரிகளின் மூளையிலும், இபாதான் நகர வீதிகளிலும், வேலூர்ச் சிற்றூர்களின் திண்ணைகளிலும் இந்நோயை எண்ணியவர்கள் அந்த எளிய விடையை ஏற்க மறுத்தவர்கள். வராதவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும், அவரைத் தாங்கி நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கச் செய்வதும் நம்மால் இயலும். தம்மையே மறந்துபோனவரைக் கணக்கில் வைத்திருப்பது, மறவாதிருக்கும் நம்முடைய கடமை.